ரயில்வே கேட்டில் கண்ணாடி காட்டிய எண்

இன்று காலை ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தோம். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

உட்கார இப்போதுதான் நேரம் கிடைத்தது. அதனால் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் காரில் ஒரு ஹெட்-அப் டிஸ்ப்ளேயை நானே மாட்டினேன்.

உள்ளங்கை அளவுப் பெட்டி. டேஷ்போர்டு மேல் உட்கார்ந்துகொண்டு, வண்டியின் வேகத்தை முன்கண்ணாடியில் பச்சை எண்ணாகக் காட்டும். தலையைக் குனியாமல், ரோட்டைப் பார்த்தபடியே வேகத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.

ஆசைக்கு வாங்கவில்லை. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் எனக்கு குவாலிட்டி செக்கிங் வேலை. கப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன், கண்ணாடி போட்டுக்கொண்டு. (போடாவிட்டால் கப்பே தெரியாது.) நாற்பத்தாறு வயதில் தூரத்து பஸ்ஸின் போர்டு பளிச்சென்று தெரிகிறது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் மீட்டர் கலங்கிப்போய்த் தெரிகிறது.

மாட்டுவது பெரிய வேலை இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே, மெக்கானிக் கம்ப்யூட்டரைச் சொருகும் சாக்கெட் ஒன்று இருக்கிறது. அதில் ஒயரைச் சொருகி, கதவோரத்து ரப்பருக்குள் அழுத்தி மேலே கொண்டுவர வேண்டும். எண் இரட்டையாகத் தெரியாமல் இருக்கக் கண்ணாடியில் ஒரு ஃபிலிம் ஒட்ட வேண்டும். சோப்புத் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் குமிழியை விரட்டியதில் ஒரு மணி நேரம் போனது.

என் வீட்டுக்காரர் சேகர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"ஏன் ஜெயந்தி, கண்ணாடி டாக்டருகிட்ட போறத வுட்டுட்டு காருக்கு வைத்தியம் பண்ற?"

சாவியைத் திருப்பினேன். வண்டி போர்டிகோவில் நிற்கிறது. இன்ஜினைக்கூட ஸ்டார்ட் பண்ணவில்லை. கண்ணாடியில் 0 வந்தது. பிறகு 2. பிறகு 3.

சேகர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "நின்ன எடத்துலயே ஓடுதே. பேய் புடிச்ச மிஷினா வாங்கியாந்திருக்க?"

பேய் இல்லை. பெட்டி சேட்டிலைட் சிக்னலை வைத்து வேகத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தது. கூரைக்கு அடியில் சிக்னல் அலைபாயும், எண்ணும் அலைபாயும். வண்டியிலிருந்தே வேகத்தை எடுக்கிற மாதிரி செட்டிங்கை மாற்றினேன். 0 வந்து அசையாமல் நின்றது. அதற்குள் சேகர் காபி குடிக்க உள்ளே போய்விட்டார்.

இன்று சேத்தியாத்தோப்பில் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. காலை ஆறரைக்கே கிளம்பினோம். மார்கழிப் பனி. ஊரைத் தாண்டியதும் கரும்பும் இல்லை, வயலும் இல்லை, எல்லாம் வெள்ளை. நடுவில் பச்சையாக 22 மட்டும் பானட்டுக்கு முன்னால் தொங்கிக்கொண்டு வந்தது. யாரோ அதைக் கையில் பிடித்தபடி எங்களுக்கு முன்னால் நடப்பது போல இருந்தது. பார்க்கவே பிடிக்கவில்லை.

கேட் சாத்தியிருந்தது. சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது, கேட் தெரியவில்லை. நல்ல தூரம் விட்டுத்தான் நிறுத்தினேன். எங்களுக்கு முன்னால் வேறு வண்டி இல்லை.

கூட்ஸ் வண்டி வந்தது. இன்ஜின் விளக்கு ஒரு வெளிச்சமாக வந்து போனது. அதற்குப் பிறகு வெள்ளைக்குள் கறுப்பு கறுப்பாகப் பெட்டிகள் இடது பக்கம் போய்க்கொண்டே இருந்தன. முடிவே வரவில்லை.

கண்ணாடியில் 2.

கொஞ்ச நேரத்தில் 3.

"இது என்னங்க, மூணுன்னு காட்டுது?"

"அதுதான் வூட்லயே நின்ன எடத்துல மூணு காட்டுச்சே."

"வண்டி போற மாதிரியே இருக்குதுங்க."

"ரயிலு போவுதுல்ல. நாம போற மாதிரிதான் இருக்கும். சும்மா இரு."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ரயில் போனால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. கறுப்புப் பெட்டிகளின் மேல் அந்த 3 அசையாமல் நின்றது. சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. ரயில் ஒரே வேகத்தில்தான் போகிறது, சத்தம் ஏன் கூடுகிறது?

3 போய் 4 வந்தது.

அப்போதுதான் உறைத்தது. செட்டிங்கை நான் மாற்றிவிட்டேன். இது சேட்டிலைட் சொல்கிற நாலு இல்லை. சக்கரம் சொல்கிற நாலு.

பிரேக்கை மிதித்தேன். இரண்டு பேரும் முன்னால் போய்க் குலுங்கினோம்.

பானட்டுக்கு முன்னால் சிவப்பு வெள்ளைக் கம்பி. ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. அதற்கு அந்தப் பக்கம் சக்கரங்கள், ஒவ்வொன்றாக, என் முகத்துக்கு நேராக.

எங்களுடையது ஆட்டோமேட்டிக் வண்டி. நியூட்ரலில் போடாமல், ஹேண்ட்பிரேக் இழுக்காமல், காலை மட்டும் பிரேக்கில் வைத்திருந்தேன். ரயிலைப் பார்த்துக்கொண்டே காலைத் தளர்த்தியிருக்கிறேன். எப்போது என்று சத்தியமாகத் தெரியாது. வண்டி தானாக ஊர்ந்து வந்திருக்கிறது.

சேகரே ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். இழுத்த கையை எடுக்கவும் இல்லை.

கடைசிப் பெட்டி போனது. (ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவர்களே, கேட்டில் நிற்கும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கமெண்டில் சொல்லுங்கள். என்னைத் திட்டுவதானாலும் திட்டுங்கள்.)

கேட்கீப்பர் டார்ச்சோடு வந்தார். நான் கண்ணாடியை இறக்கினேன்.

"எம்மா, டார்ச்ச ஆட்டி ஆட்டிக் காட்டுனனே, தெரியலயா?"

"தெரியலங்கண்ணா."

"எனக்கும் ஒங்கள தெரியல. முன்னாடி கண்ணாடி பூரா வெள்ளையா கெடந்துச்சு. உள்ள ஆளே இல்லாம வண்டி தானா வருதுன்னு நெனச்சிட்டேன்."

"ரெண்டு பேருதாங்க இருந்தோம்" என்றார் சேகர்.

கேட்கீப்பர் ஜன்னலில் குனிந்து, டார்ச்சை என் முகத்தில் அடித்துப் பார்த்தார். பிறகு சேகர் முகத்தில். பின் சீட்டிலும் ஒருமுறை அடித்துப் பார்த்தார்.

"ம். இப்ப தெரியுது" என்று சொல்லிவிட்டு கேட்டைத் திறக்கப் போனார்.