பிறந்த இடம் என்றொரு கட்டம்

கொழும்பில் வரிசைகளில் ஆட்களுக்கு முன்னால் குடைகள் வந்து நின்றுவிடும். வெளிநாட்டுக்காரர்களின் பெர்மிட்டைப் புதுப்பித்துக் கொடுக்கும் அலுவலகம் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். காலை ஆறு மணிக்குப் போனால் ஒரு மனிதரைப் பார்க்க முடியாது. படிக்கட்டு நெடுக ஒன்றன்பின் ஒன்றாகக் கறுப்புக் குடைகள் சாத்தி வைத்திருக்கும். சொந்தக்காரர்களெல்லாம் எதிர்த்த தேநீர்க்கடையில் இருப்பார்கள். வந்த புதிதில், ஆளில்லாத குடைதானே என்று எல்லாவற்றையும் தாண்டிப் போய் முதலில் நின்றேன். ஒரு சிங்களவர் வந்து கோபமே இல்லாமல் என் தோளைத் தொட்டு, கடைசிக் குடையைக் கைகாட்டினார். தென்காசி ஸ்டேஷனில் டிக்கெட் எடுக்க நாம் நிற்கிற நிலையை எண்ணிப் பாருங்கள். குடையென்ன, குடை பிடித்து நிற்கிறவனையே தாண்டிப் போவோம்.

கவுண்டருக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே வேறு கூத்து. என் ஊர் ஒரு குமாஸ்தாவின் வாயில் 'டெங்கசி', இன்னொருவர் வாயில் 'தங்காசி'. குற்றாலத்துக்குப் பக்கம் என்று சொல்லிப் பார்த்தேன். ஆங்கில எழுத்தை வைத்துக்கொண்டு அதை அவர்கள் படுத்திய பாட்டைக் கேட்டபிறகு அதையும் விட்டுவிட்டேன். இப்போது எப்படிக் கூப்பிட்டாலும் 'நான்தான் ஐயா' என்று எழுந்து நிற்கிறேன். ஊருக்கு எழுதும் கடிதங்களில் இந்தத் தொல்லைகளைத்தான் எழுதுவேன், படித்துச் சிரிப்பீர்கள் என்று. சிரிக்க முடியாத ஒன்றை இத்தனை நாளாக எழுதாமல் வைத்திருந்தேன். என்னைப் போலக் கடல் தாண்டி வந்து கிடக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று இப்போது எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் துணிக்கடை வேலைக்காக இங்கே புறப்பட்டபோது, பாஸ்போர்ட் விண்ணப்பத்தை எனக்கு நிரப்பித் தந்தவர் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதும் ஒரு அண்ணாச்சி. முன்பல் இரண்டு போனவர். பேச்சு மட்டும் போகவில்லை.

"ஏலே, ஊரு என்ன?"

"தென்காசி."

"அது எனக்குத் தெரியாதா? வாயத் தொறந்து நீயே சொல்லணும்லா. இங்கன 'பொறந்த இடம்'னு ஒரு கட்டம் கெடக்கு. அதுவும் தென்காசிதானே?"

"பெறகு, சீமையிலயா பொறந்தேன்?"

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். நான் பிறந்தது கீழப்பாவூர் என்பது எனக்குத் தெரியாததல்ல. அம்மாவுக்கு நான் தலைப்பிள்ளை. ஏழாம் மாதம் வளையல் போட்டுப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஐந்து மாதக் குழந்தையாக என்னைத் தூக்கிக்கொண்டு தென்காசிக்குத் திரும்பி வந்தாள். நம்மில் யார்தான் அப்படிப் பிறக்கவில்லை? அது அம்மா ஊர், அவ்வளவுதான். ஊர் என்று கேட்டால் அப்பன் ஊரைத்தான் சொல்லுவோம். என்னை யாராவது கீழப்பாவூர்க்காரன் என்று சொல்லியிருந்தால் சண்டைக்கே போயிருப்பேன். அந்தக் கட்டத்தில் நான் எழுதவைத்தது பொய் என்று அன்றைக்கு என்னை உலுக்கிக் கேட்டிருந்தாலும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

சில வருடம் கழித்து விடுப்பில் போய்க் கல்யாணம் செய்துகொண்டேன். செண்பகம் குற்றாலத்துப் பெண். அவள் அப்பாவுக்கு ஐந்தருவியில் எண்ணெய், சோப்பு, சீயக்காய் விற்கும் சீசன் கடை. கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரே அறையில் குடித்தனம் வைத்தோம். இரைச்சல் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று முதல் மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாம் மாதத்தில் டிராம் வண்டிச் சத்தத்தை அருவிக்குப் பதிலாக வைத்துக்கொண்டாள். அப்படிப்பட்டவள்.

அந்தச் சமயத்தில்தான் இங்கே சட்டம் இறுகியது. பெர்மிட்டைப் புதுப்பிக்கப் பிறப்புச் சான்றும் வேண்டும் என்றார்கள். என் தம்பி கீழப்பாவூர் பதிவேட்டிலிருந்து நகல் எடுத்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினான். நல்ல பையன், மொழிபெயர்த்து முத்திரையும் வாங்கி அனுப்பியிருந்தான். அதைப் பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்கள அதிகாரி. அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்துக் கிளார்க். நம் மொழிக்காரர் இருக்கிறாரே என்று தைரியமாகத்தான் உட்கார்ந்தேன்.

"பாஸ்போட்டிலை தென்காசி எண்டு கிடக்கு. இதிலை கீழப்பாவூர் எண்டு கிடக்கு. எது சரி?" என்று கிளார்க் கேட்டார்.

"ரெண்டும் சரிதான் ஐயா."

அதை அவர் ஆங்கிலத்தில் சொன்னதும் அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அவர் கேட்டதைக் கிளார்க் தமிழில் என்னிடம் திருப்பினார்.

"ஒரு ஆள் ரெண்டு இடத்திலை பிறக்கேலுமோ?"

"பொறந்தது கீழப்பாவூரு. ஊரு தென்காசி."

"அம்மா ஏன் கீழப்பாவூருக்குப் போனவ?"

"என்னப் பெக்கத்தான்."

"தென்காசியிலை ஆஸ்பத்திரி இல்லையோ?"

"உண்டும்யா."

கிளார்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்ப, அப்பாவோடை ஏதும் கோவமோ? விட்டிட்டுப் போனவவோ?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. தலைப்பிரசவம், தாய்வீடு, வளையல் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கும் புரியவில்லை. பிறகுதான் ஒருவர் எனக்கு விளக்கினார். அவர்கள் பக்கம் வீட்டைச் சீதனமாகப் பெண்ணுக்கே எழுதிவிடுவார்களாம். மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேருவான். பிள்ளை பெறப் பெண் எங்கேயும் புறப்பட வேண்டியதில்லை. தமிழ் பேசுகிறவரே இப்படி என்றால், அந்த அதிகாரியை நான் என்ன குற்றம் சொல்ல? அவருடைய கண்ணுக்கு நான் இரண்டு ஆட்கள். ஒருவனுடைய காகிதத்தில் இன்னொருவன் வந்திருக்கிறான். இந்தியாவுக்கு எழுதி விசாரிக்க வேண்டும் என்று பாஸ்போர்ட்டை ஃபைலுக்குள் வைத்துக் கட்டிவிட்டார்கள். அப்போது செண்பகத்துக்கு ஐந்தாம் மாதம்.

ஏழாம் மாதம் பிறந்ததும் அவள் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது, மகளைப் பிரசவத்துக்கு அனுப்பி வையுங்கள் என்று. எங்கள் கடையில் நம்ம பக்கத்து ராயகிரிக்காரர் ஒருவர் உண்டு, எனக்கு மூத்தவர். கடிதத்தை அவரிடம் காட்டினேன்.

"தங்கச்சிய அனுப்பாதலே," என்றார். "அவ பெர்மிட்டு உன் பெர்மிட்டோட வாலப் புடிச்சிக்கிட்டுல்லா நிக்கி. உன் ஃபைலு தொறந்து கெடக்கப்ப அவ வெளிய போனா, உள்ள வர வழி கெடையாது. கடுதாசில எழுதிக் கையில தரமாட்டான். ஆனா அதுதான் நெலம."

அன்று மாலை செண்பகத்திடம் சொன்னேன், இங்கேயே பெற்றுக்கொள்ளலாம், பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது என்று.

"டாக்டர் இருப்பாவ, நர்ஸ் இருப்பாவ. எங்கம்ம இருப்பாளா?"

"போனா திரும்ப வர விடமாட்டான்னு சொல்லுதாங்க."

"புள்ள பெக்கப் போனவள வர விடாத ஊரும் உண்டுமா? என்ன பேச்சு பேசுதிய நீங்க?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனக்குப் பயமா இருக்கு. நான் போறேன்" என்றாள்.

தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அவள் சொன்னதை உள்ளுக்குள் நானும் நம்பினேன் என்பதுதான் உண்மை. பிள்ளை பெறப் போனவள் பிள்ளையோடு வருவாள், இதிலென்ன விசாரணை என்று. ஊருக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு சேர்த்து அனுப்பினேன். பாஸ்போர்ட் இல்லாத நான் கோட்டை ரயில் நிலையத்தோடு நின்றுகொண்டேன். புறப்படுவதை யாழ்ப்பாணத்தார் 'வெளிக்கிடுகிறது' என்பார்கள். பிறர் பேச்சைக் காதில் பொறுக்கி வைத்துக்கொள்ளும் எனக்கு அது பிடித்த சொல்லாக இருந்தது. அடுத்த நாள் கடையில் ஒருவர், என் மனைவியைத்தான், "மனுசி வெளிக்கிட்டிட்டாவோ?" என்று கேட்டார். அதன்பிறகு அந்தச் சொல் பிடிக்கவில்லை.

பெண்பிள்ளை பிறந்தது. குழல்வாய்மொழி என்று பெயர் வைத்ததாக எழுதினார்கள். என் பாஸ்போர்ட் ஃபைலிலிருந்து வெளியே வர முக்கால் வருடம் ஆயிற்று. கீழப்பாவூருக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரித்தாராம். ஒரு தெருவே கூடி, 'இந்த வீட்டில்தான் பிறந்தான், நாங்கள்தான் சர்க்கரை தின்றோம்' என்று சாட்சி சொன்னதாம். கட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். என் பெர்மிட் புதுப்பிக்கப்பட்டது. செண்பகத்துக்கு மனு போட்டேன். முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. மறுபடி போட்டேன். அதே வரி, வேறு தேதி. யாழ்ப்பாணத்துக் கிளார்க் என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, பேசாமல் நீரும் ஊருக்குப் போம்" என்றார். போயிருக்கலாம். தென்காசியில் இரண்டு வீட்டு உலை என் சம்பளத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. அங்கே என்ன வேலை காத்திருந்தது எனக்கு? 'அடுத்த மனுவில் ஆகிவிடும்' என்று எழுதினேன். அதைத் திரும்பத் திரும்ப எழுதினேன்.

மகளுக்கு மூன்று வயதாகப் போகும்போதுதான் விடுப்பும் திரும்பி வர அனுமதியும் ஒன்றாகக் கிடைத்தன. ரயில், தனுஷ்கோடிக் கப்பல், மறுபடி ரயில் என்று வந்து சேர்ந்தபோது சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. ஐந்தருவியில் நல்ல கூட்டம். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரையும் பார்த்து அப்படித்தான் சிரிப்பாள் என்று மாமனார் சொன்னார். மூன்று நாள் அவள் என்னிடம் வரவில்லை. நான்காம் நாள் காலை குளிக்கப் போனபோது, செண்பகம் பெண்கள் பக்கம் போகுமுன் பிள்ளையை என் கையில் திணித்தாள்.

"அப்பாட்ட இருட்டி, அம்ம இந்தா வந்திருதேன்."

தண்ணீருக்கடியில் இரண்டு எட்டு வைத்திருப்பேன். குழந்தை வீரிட்டு அழுதாள். முகத்தைப் பிறாண்டினாள். வழுக்கிவிடக்கூடாதே என்று நான் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க இன்னும் கத்தினாள். எண்ணெய் வழியக் குளித்துக்கொண்டிருந்த பெரிய மீசைக்காரர் ஒருவர் என் புஜத்தைப் பிடித்தார்.

"யாருய்யா நீ? யாரு புள்ளய்யா இது?"

"என் புள்ளதான்."

"உன் புள்ளன்னா உன்னப் பாத்து ஏன் இந்தக் கத்து கத்துது?"

சுற்றிலும் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். இடுப்பில் ஈரத்துண்டு, கையில் அழுகிற பிள்ளை, காட்ட வேறு ஒன்றுமில்லை. மாமனார் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தார். "ஐயா, ஐயா, விடுங்க. எம் மருமவன். கொழும்புல இருக்காரு. பிள்ளைக்கு இன்னும் பழகல." மீசைக்காரர் கையை எடுத்துவிட்டு, "மன்னிச்சிருங்க அண்ணாச்சி, எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அதற்குள் குழந்தை தாத்தாவின் கழுத்துக்குத் தாவியிருந்தாள். ஆண்களும் பெண்களும் குளிக்கிற இடத்துக்கு நடுவே ஒரு கம்பித் தடுப்பு உண்டு. அதற்கு மேலாக அவளைத் தூக்கிச் செண்பகத்திடம் கொடுத்தார். போன கணமே அழுகை நின்றது.

நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன். செண்பகம் குழந்தையின் முகத்தைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். அருவி இரைச்சலில் கேட்கவில்லை. என்ன என்று கையால் கேட்டேன். மறுபடி சொன்னாள். உதடு அசைவது தெரிந்தது, ஒரு சொல்கூட வந்து சேரவில்லை. மூன்றாம் தரம் கேட்கத் துணிவில்லாமல், கேட்டுக்கொண்டவன்போலத் தலையை ஆட்டினேன். அவளும் ஒரு முறை தலையை ஆட்டிவிட்டு, பிள்ளையை அணைத்துக்கொண்டு தண்ணீருக்குள் திரும்பினாள்.