போதும் என்று சொல்ல ஆளில்லாத போல்ட்

என் கார் கிளம்பும்போது தொண்டையில் மீன்முள் சிக்கியவர் மாதிரி ஒரு சத்தம் போடும். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, முள் போய் முழு மீனே சிக்கிக்கொண்டது போல அலறியது.

கல்யாணம் என் மகளுக்கு. எர்ணாவூரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து, அவள் ஞானஸ்நானம் வாங்கிய ராயபுரம் கோயிலுக்கு மணப்பெண்ணை அழைத்துப் போக வேண்டும். மனைவி நீளமாக ஒரு வெள்ளை வாடகை வண்டியைப் பார்த்து வைத்திருந்தாள். மகள் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஊரான் வண்டில நான் ஏற மாட்டேன். நைனா ஓட்டட்டும். எப்பவும் போல முன்சீட்ல குந்திக்கினு வரேன்."

"கல்யாணப் பொண்ணு முன்சீட்ல குந்திக்கினு போனா, அப்பனுக்கு டிரைவிங் கத்துக் குடுக்குதுன்னு நெனைப்பாங்க" என்றாள் மனைவி.

காலேஜுக்கும், பிறகு வேலைக்கும் அவளை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டது இந்தக் காரில்தான். வீட்டில் பேசாததையெல்லாம் அதில் பேசுவோம். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதால் ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது. அது பெரிய வசதி. கல்யாணம் முடிந்த கையோடு அவள் கோயம்புத்தூர் போகிறாள். அதற்கு முன் இந்த ஒரு சவாரி எனக்கு வேண்டியிருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. "வாடகை வண்டி ஏசில பொண்ணு சளி புடிச்சிக்கினு நிக்கும். நம்ப வண்டில அந்தப் பேஜாரே கெடையாது" என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் மெக்கானிக் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார். என் தோஸ்துக்குப் போன் போட்டேன். நாங்கள் இருவரும் துறைமுகத்தில் ஒரே கேங். கப்பல் மேல் அடுக்கிய கன்டெய்னர்கள் கடலில் சரியாமல் இருக்க, இரும்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டுவது எங்கள் வேலை. அவனிடம் கார் கிடையாது. ஆனால் கார் ரிப்பேர் சாமான் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. ஏன் என்று நான் இதுவரை கேட்டதில்லை.

வந்தான். பானட்டைத் திறந்து காதை வைத்தான்.

"மாமே, ஸ்டார்ட்டர் மோட்டாரு ஆடிக்கினு கீது. போல்ட்டு லூசு."

எஞ்சினைக் கிளப்பிவிடும் அந்த மோட்டாரை இரண்டு போல்ட் பிடித்திருக்கிறது. கீழே இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, இறுக்கமாகவும் இருந்தது. மேலே இருப்பது எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில், கடவுளும் டார்ச் அடித்தால்தான் பார்க்க முடியும் என்கிற இடத்தில் ஒளிந்திருந்தது. ஸ்பேனரைக் கொண்டுபோனால் கை போகவில்லை. கையைக் கொண்டுபோனால் ஸ்பேனர் போகவில்லை. இரண்டையும் சேர்த்து நுழைத்ததில் விரல் முட்டியின் தோல் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

தோஸ்து பெட்டியிலிருந்து ஒரு சாக்கெட்டை எடுத்தான். அதற்கு நடுவில் கழுத்து மாதிரி ஒரு மூட்டு. யூனிவர்சல் என்பார்கள். நேராகப் போக முடியாத இடத்துக்கு, கழுத்தை வளைத்துக்கொண்டு பக்கவாட்டில் போய்த் திருப்பும். அதை ஒரு நீளக் கம்பியில் மாட்டி, காருக்கு அடியில் படுத்து, கீழேயிருந்து மேலே விட்டேன். முதலில் அது குடித்தவன் தலை போலத் தொங்கியது. மூட்டைச் சுற்றி டேப் ஒட்டினோம். தலை கொஞ்சம் நின்றது. போல்ட்டைக் கவ்விக்கொண்டது.

ஒரு தொல்லை இருக்கிறது. நேரான ஸ்பேனரில் போல்ட் எவ்வளவு இறுகியது என்று உள்ளங்கைக்கே தெரியும். கழுத்து வளைந்த இதில் பாதிச் செய்திதான் வந்து சேரும். மீதி அந்த வளைவிலேயே கரைந்துவிடும். இது எனக்கு அப்போது தெரியாது.

எனக்குத் தெரிந்தது கப்பல் பழக்கம். அங்கே ஒருவன் முறுக்குவான், இன்னொருவன் கம்பியில் உள்ளங்கையை வைத்திருப்பான். கம்பியின் அதிர்வு அடங்கியதும் அவன்தான் "போதும்" என்பான். முறுக்குகிறவன் தானாக நிறுத்தினால் சோம்பேறி என்று பேர் வரும். இத்தனை வருஷத்தில் நான் தானாக நிறுத்தியதே இல்லை.

மேலே தோஸ்து நின்றுகொண்டிருந்தான். கீழே நான் முறுக்கினேன். அவன் போதும் என்று சொல்லவில்லை. முறுக்கினேன். சொல்லவில்லை. கைப்பிடியில் ஒரு பைப்பைச் சொருகி இன்னும் முறுக்கினேன். சட்டென்று கை லேசாகிவிட்டது. போல்ட் வெண்ணெயில் சுற்றுவது போலச் சுற்றியது.

"நீ ஏன்டா போதும்னு சொல்லல?"

"நான் இன்னாத்த சொல்றது? என் கை டார்ச்சுல கீது! போல்ட்டு மேலயா கீது?"

கியர்பாக்ஸ் அலுமினியம். உள்ளே போல்ட்டைப் பிடிக்கும் மரை முழுக்க வழித்துக்கொண்டு வந்துவிட்டது. இனி சாவியைத் திருப்பினால் கரகரவென்று அரைக்கும், வண்டி கிளம்பாது. எழுந்து வந்தபோது பந்தலுக்குக் கீழே மனைவியும் மகளும் நின்றிருந்தார்கள்.

"வாடகை வண்டிக்குச் சொல்லிரு" என்றேன். அதற்கு எனக்கு ஜோக் வரவில்லை.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். "தள்ளுனா ஓடுமா, நைனா?"

"ஓடும்."

"அப்புறம் இன்னா? ஒன் கேங்கே கல்யாணத்துக்கு வருதே."

"பொண்ணு ஊர்கோலமா, வண்டி ஊர்கோலமா?" என்று மனைவி தலையில் கையை வைத்துக்கொண்டாள். ஆனால் வாடகை வண்டிக்குப் போன் போடவில்லை.

ஸ்டார்ட்டரின் வயரைக் கழற்றிவிட்டு, அது கீழே விழாமல் கம்பி போட்டுக் கட்டினோம். அது எங்களுக்கு வருகிற வேலை. இந்தத் தடவை தோஸ்து கம்பியில் கையை வைத்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி "போதும்" என்றான்.

மறுநாள் புதுச்சட்டை போட்ட கேங் மொத்தமும் தள்ளியது. இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. புதுக் கப்பலைக் கடலில் இறக்கிவிட்டது போல விசில் அடித்தார்கள். வெள்ளைப் புடவையில், முக்காட்டை மடியில் வைத்துக்கொண்டு மகள் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

திருவொற்றியூர் தாண்டியதும் டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. மனைவியும் கேங்கும் ஏறிய வேன் எங்கோ பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது; அங்கே எஞ்சின் நின்றால் தள்ள ஆளில்லை. கிளட்சிலிருந்து காலை எடுக்காமல் காத்திருந்தேன். அவளிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் ராத்திரியே யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"கோயம்புத்தூர்ல தண்ணி சோக்கா இருக்குமாம். குளிச்சுக் குளிச்சு நீ வெளுத்துட்டா, எனக்கு அடையாளமே தெரியாது."

அவள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஜோக்கு அடிச்சிக்கினே வா, நைனா. நீ நிறுத்துனா நான் அழுதுருவேன். மை கலீஜாயிடும்."

அதனால் காசிமேடு வரை அடித்துக்கொண்டே வந்தேன். ஒன்றுகூட உருப்படியில்லை. சொல்ல நினைத்ததில் எவ்வளவு அவளிடம் போய்ச் சேர்ந்தது, எவ்வளவு வளைவிலேயே போய்விட்டது என்று எனக்குத் தெரியவில்லை.

கோயில் வாசலில் எஞ்சினை நிறுத்தாமல் இறங்கினேன். பின்னாலேயே வந்து சேர்ந்த வேனிலிருந்து தோஸ்து ஓடிவந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டான். பாதிப் பூசை வரை அவன் உள்ளே வரவில்லை.

மகள் முக்காட்டைப் போட்டுக்கொண்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பீடத்துக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை கையை நீட்டியபடி நின்றார். பாட்டு நின்றது. எல்லோரும் பார்த்தார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

முக்காட்டுக்குள்ளிருந்து மெல்லக் குரல் வந்தது.

"நைனா, வெரலு வலிக்குது. போதும்."

கையை விட்டேன். வெளியே எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.