கரவனின் மூக்கும் என் தராசும்

எங்கள் குடும்பத்தில் யாராவது ஊருக்குப் போவதென்றால் முதலில் டிக்கெட் போடுவார்கள், அடுத்ததாக எனக்கு போன் எடுப்பார்கள். என்னிடம் முள் வைத்த பழைய பாத்ரூம் தராசு ஒன்று இருக்கிறது. அதைக் காரில் போட்டுக்கொண்டு போய் அவர்களுடைய பெட்டிகளை நிறுத்துக் கொடுப்பேன். முள் கூடிவிட்டால் பால்மா டின்னை எடுத்துக் கைப்பைக்குள் திணிப்பேன். பாரமான சப்பாத்தைக் காலிலேயே போட்டுக்கொண்டு போகச் சொல்வேன். சாமான் ஒன்றும் குறைந்திருக்காது, இடம்தான் மாறியிருக்கும். ஆனாலும் முள் இறங்கியதும் வீடு முழுக்க ஒரு நிம்மதி பரவும். இருபது வருடத்துக்கு மேலாக இப்படி நிறுத்து நிறுத்து, முள் இறங்கினால் நல்லது என்பது என் மண்டையில் ஊறிப்போயிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் பிறவிச் சந்தேகக்காரன். கடையில் தள்ளுபடி என்று எழுதியிருந்தால் காலாவதித் திகதியைத் தேடுவேன். யாராவது காரணமில்லாமல் சிரித்தால் காரணத்தைத் தேடுவேன். என் தங்கையின் மகள் சின்ன வயதிலிருந்தே எனக்கு வைத்திருக்கும் பெயர் சி.ஐ.டி. மாமா. அதைக் கேட்டு நான் கோபப்பட்டதில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

போன கோடையில் ஒரு நாள் நோர்பரியில் தங்கை வீட்டுக்குப் போனபோது முற்றத்தில் வெள்ளையாக ஒரு பெரிய சாமான் நின்றது. கரவன். படுக்கை, அடுப்பு, கக்கூசு எல்லாம் உள்ளேயே கொண்ட, நான்கு சக்கரத்து இழுவை வீடு. மூலை வீடு என்பதால் எப்படியோ உள்ளே நுழைத்திருந்தார்கள். அதன் முன்னால் மச்சானின் பிக்கப் நின்றது. மச்சான் என்றால் தங்கையின் கணவர். வீட்டு முற்றங்களுக்குக் கல் பதிக்கிற வேலை அவருக்கு. சீமெந்துப் பைகளும் மண்வெட்டியும் ஏற்றுகிற அந்தச் சின்ன பிக்கப், கரவனுக்குப் பக்கத்தில் விளையாட்டுச் சாமான் மாதிரி நின்றது.

"இதாலையோ அதை இழுக்கப் போறீர்?" என்று கேட்டேன்.

"ஓம் மச்சான். வடிவா இழுக்கும்."

"ஆர் சொன்னது?"

"வித்தவர் சொன்னவர்."

விற்றவன் சொன்னானாம். விற்கிறவன் வேறு என்ன சொல்லுவான்? நான் கரவனை ஒரு சுற்றுச் சுற்றினேன். எதற்காக இவ்வளவு பளபளப்பாகக் கழுவியிருக்கிறார்கள்? டயருக்கு ஏன் கறுப்புப் பூசியிருக்கிறது? உள்ளே எதற்கு இந்த எலுமிச்சை வாசனை? டயரில் குத்தியிருந்த இலக்கங்களைப் படித்து எந்த வருடத்து டயர் என்று பார்த்தேன். புதிதுதான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. பழைய கரவனுக்கு அவசரமாகப் புது டயர் போட்டிருக்கிறான் என்றால் எதையோ மறைக்கிறான் என்றுதானே அர்த்தம்.

தங்கைக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் அவள் விடுமுறை என்று எங்கேயும் போனதில்லை. ஹொட்டலில் தங்கினால் சமைக்க ஏலாது, மூன்று நாள் சாண்ட்விச் தின்ன ஏலாது என்பாள். கரவன் என்றால் அடுப்பும் கூடவே வரும். கடற்கரைக்குப் பக்கத்தில் நிறுத்தி, இடியப்பம் அவித்து, கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. எனக்கென்று இந்த நாட்டில் இருக்கிற ஒரே கூடப்பிறந்தவள் அவள். அந்த பிக்கப்பின் முன் சீட்டில் அவள் இருக்கப்போகிறாள், பின்னால் அவ்வளவு பெரிய பாரம் தொங்கப்போகிறது என்று நினைத்தாலே எனக்கு நித்திரை வரவில்லை.

அடுத்த வாரம் போய் பிக்கப்பின் கதவோரம் இருந்த தகட்டையும் கரவனின் தகட்டையும் போனில் படம் எடுத்தேன். பிக்கப் எவ்வளவு இழுக்கலாம், கரவன் நிறைந்தால் எவ்வளவு பாரம் வரும் என்று இரண்டிலும் எழுதியிருக்கும். வீட்டில் இருந்து கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அளவுக்குள் இருந்தது. ஆனால் மயிரிழைதான். தகடு பொய் சொல்லாது என்பது சரி, எங்கள் ஆட்கள் சாமான் ஏற்றுகிறதை அந்தத் தகட்டை அடித்தவன் கண்டிருப்பானா?

"முந்தி எண்டால் இதுக்கெண்டு தனிச் சோதினை இருந்தது," என்று மச்சானிடம் சொல்லிப் பார்த்தேன்.

"இப்ப சாதாரண லைசன்ஸே காணும் மச்சான், வேறை ஒண்டும் தேவையில்லை," என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு மேல் இன்னொரு விஷயமும் என் கண்ணில் பட்டது. சனிக்கிழமை காலையில் போன் எடுத்தால் மச்சான் வீட்டில் இல்லை. எங்கே என்றால் வேலைக்கு என்பாள் தங்கை. ஒரு சனிக்கிழமை நேரே போய்ப் பார்த்தேன். பிக்கப் இல்லை, ஆனால் மண்வெட்டியும் கல் வெட்டுகிற மெஷினும் கராஜில் அப்படியே கிடந்தன. கல் பதிக்கிறவன் வெறும் கையோடு எந்த வேலைக்குப் போகிறான்? அதைத் தங்கையிடம் சொல்லவில்லை, மனதில் குறித்து வைத்துக்கொண்டேன். குடும்பத்தில் மற்ற எல்லோரிடமும் மட்டும் இந்த ஆளை நம்பித் தங்கச்சி ஏறப்போகிறாள், பாருங்கோ என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கடற்கரைப் பயணத்துக்கு முன் ஆர்ச்வே முருகன் கோயிலில் பிக்கப்புக்கு அர்ச்சனை செய்துகொண்டு வந்தார்கள். கரவனையும் கோயிலுக்கு ஏறுகிற மலை ரோட்டில் இழுத்துக்கொண்டு போகவேண்டும் என்று தங்கை நின்றாள். நல்ல காலம், மச்சான் மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாக, புறப்படுகிற அன்று காலையில் வீட்டிலேயே கற்பூரம் கொளுத்தி, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறதென்று முடிவானது. பிக்கப்புக்கு நான்கு, கரவனுக்கு நான்கு.

அன்று நான் வெள்ளனவே போய்விட்டேன். என் காரில் அவர்களுக்குப் பின்னால் போவதாக ஏற்பாடு. அவர்களைத் தனியே விட எனக்கு மனமில்லை. தங்கையும் மச்சானும் அவர்களுடைய மகளும் உள்ளே சாமி அறையில் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் கரவனைத் திறந்து எட்டிப் பார்த்தேன். பார்த்ததும் தலையில் கை வைத்தேன். நடக்கிற வழியில், சரியாகச் சக்கரங்களுக்கு மேலே, அரிசி மூட்டை. அதன் பக்கத்தில் தண்ணீர்க் கான்கள். அப்டன் பார்க் கடையில் வாங்கின பெரிய சமையல் கிடாரம் முன்பக்கம், அதற்குள் தேங்காய்கள். மனிசர் கால் வைக்க இடமில்லாமல் யாராவது இப்படி அடுக்குவார்களா? மச்சானின் மூளை இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கரவன் அப்போது பிக்கப்பில் கொழுவப்படவில்லை. அதன் முன்பக்கம், அதாவது பிக்கப்பின் மேல் வந்து அமர்கிற மூக்கு, ஒரு சின்னச் சக்கரத்தில் நின்றது. என் காரில் தராசு இருந்தது. கொண்டுவந்து மூக்குக்குக் கீழே வைத்து, தராசின் மேல் ஒரு பலகைத் துண்டை நிமிர்த்தி முட்டுக் கொடுத்து, சக்கரத்தைத் திருகி இறக்கினேன். முள் தொண்ணூறைத் தாண்டியது. எனக்குப் பகீரென்றது. இத்தனை பாரம் அந்தச் சின்ன பிக்கப்பின் முதுகில் குந்தினால் முன் சக்கரம் நிலத்தில் பிடிக்குமா?

பிறகு நான் செய்ததெல்லாம் எனக்குப் பழகின வேலை. அரிசி மூட்டையை இழுத்துக் கடைசி மூலைக்குக் கொண்டுபோனேன். தண்ணீர்க் கான்களையும் பின்னுக்கு. கிடாரத்தை மட்டும் சத்தம் கேட்டு மகள் வந்து எட்டிப் பார்ப்பாளோ என்று பயந்து மெதுவாகத் தூக்கிக்கொண்டு போனேன். மறுபடி நிறுத்தேன். முள் முப்பதுக்குக் கீழே இறங்கியது. பெட்டியிலிருந்து பால்மா டின்னைக் கைப்பைக்கு மாற்றுகிற அதே திருப்தி. யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் மச்சான் வாதாடுவார், நேரம் போகும்.

மச்சான் வந்து கரவனைக் கொழுவினார். பின்கதவைத் திறந்து பார்க்கவில்லை, முந்தின நாளே அடுக்கி முடித்த கரவனை ஏன் பார்ப்பார்? பிக்கப்பின் பின்பக்கம் கொஞ்சமும் தாழவில்லை, நிமிர்ந்து நின்றது. மாதக்கணக்கில் முதல் தடவையாக என் நெஞ்சு லேசானது. எட்டு எலுமிச்சம்பழமும் நசுங்கின. தங்கை முன் சீட்டில் ஏறினாள். மகள் என் காரில் ஏறினாள்.

நகரத்துக்குள் ஒரு பிரச்சினையும் இல்லை. மோட்டர்வே ஏறி, கட்விக் விமான நிலையம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் ரோடு சரிவாக இறங்குகிறது. அங்கே ஒரு பெரிய லொறி வலப்பக்கத்தால் கரவனை முந்திப் போனது. அதன் காற்றில் கரவன் லேசாக இடமும் வலமும் அசைந்தது. லொறி போய்விட்டது, அசைவு நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போனது. கரவனின் பின்புறம் ஒரு பக்கக் கோட்டைத் தொட்டு மறுபக்கக் கோட்டைத் தொட்டது. பிக்கப்பின் பின்சக்கரங்களையும் சேர்த்துப் பக்கவாட்டில் இழுத்தது.

"மாமா, அம்மா உள்ளுக்கை," என்றாள் மகள். என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"பிரேக்கை அமத்துமையா! பிரேக்கை!" என்று நான் முன்கண்ணாடியைப் பார்த்துக் கத்தினேன். பிரேக் விளக்கு எரியவில்லை. மடையன், பயத்தில் கால் எங்கே என்று தெரியாமல் இருக்கிறான் என்று திட்டினேன். என் தங்கையை இன்றைக்குக் கொல்லப்போகிறான் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் முருகா என்று கூட எனக்கு வாயில் வரவில்லை.

பிரேக் விளக்கு எரியாமலே பிக்கப் மெல்ல மெல்ல வேகம் குறைந்தது. முன்சக்கரங்கள் நேராகவே இருந்தன. ஆட்டம் ஒன்று குறைந்தது, அடுத்தது இன்னும் குறைந்தது. பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரி கரவன் நேராக ஓடியது. மோட்டர்வே ஓரத்தில் வாகனங்கள் தங்கிப் போகிற அடுத்த சர்வீஸில் மச்சான் திருப்பி நிறுத்தினார்.

தங்கை இறங்கினாள். பிறகு மச்சானைப் பிடித்து ஏசத் தொடங்கினாள்.

"அண்ணை அண்டைக்கே சொன்னவர். இந்த வாகனம் காணாது, காணாது எண்டு. நீங்கள் ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ? செத்திருப்பம் இண்டைக்கு!"

மச்சான் கரவனின் பின்பக்கம் போய்க் கதவைத் திறந்தார். மூலையில் அரிசி மூட்டை இருந்தது. தண்ணீர்க் கான்கள் இருந்தன. கிடாரம் கவிழ்ந்து தேங்காய்கள் உருண்டு கிடந்தன. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என்னைத் தவிர யார் அதைச் செய்திருக்க முடியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தங்கை ஏசிக்கொண்டே இருந்தாள், அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

மகள்தான் குறுக்கே வந்தாள்.

"ஸ்டொப் இட் அம்மா. அப்பா தான் சேவ் பண்ணினவர். பிரேக் பண்ணியிருந்தால் எல்லாம் பிரண்டிருக்கும். அப்பா சனிக்கிழமையெல்லாம் போய் கரவன் இழுக்கிறதுக்கு லெசன்ஸ் எடுத்தவர்."

"எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"மாமாட்டைச் சொல்லாதை எண்டவர். நீங்கள் பகிடி பண்ணுவீங்களாம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த இடத்திலேயே நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது என்று இருந்தது. இத்தனை மாதம் விற்றவனைச் சந்தேகப்பட்டேன், டயரைச் சந்தேகப்பட்டேன், பிக்கப்பை, மச்சானின் சிரிப்பை, சனிக்கிழமையைச் சந்தேகப்பட்டேன். என் கையை மட்டும் நான் சந்தேகப்படவில்லை.

"அவரைப் பேசாதை," என்று தங்கையிடம் சொன்னேன். "மூட்டையைப் பின்னுக்குக் கொண்டுபோய் வைச்சது நான். காலமை, நீங்கள் தேவாரம் பாடேக்கை. முள்ளைக் குறைக்கலாம் எண்டு."

தங்கை என்னைப் பார்த்தாள். அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மூக்கிலை பாரம் இருக்கவேணும் மச்சான்," என்றார் மச்சான் மெதுவாக. "பெட்டி நிறுக்கிறது மாதிரியில்லை. குறைஞ்சால்தான் ஆபத்து. மூக்கு லேசானால் பின்பக்கம் பிக்கப்பையே ஆட்டத் தொடங்கிடும்."

"அப்ப பிக்கப் காணுமோ?"

"நான் அடுக்கினபடி இருந்தால் காணும். மட்டுமட்டாத்தான். அதாலைதான் ஒவ்வொண்டா நிறுத்து அடுக்கினனான்."

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அரிசி மூட்டையைச் சக்கரங்களுக்கு மேலே கொண்டுவந்தோம். தண்ணீரைக் கொட்டினோம். கிடாரமும் தேங்காயும் என் காருக்கு வந்தன. கரவனைக் கழற்றி மூக்கின் கீழ் என் தராசை வைத்தோம். முள் ஏற ஏற நான் குனிந்திருந்து சத்தமாகப் படித்தேன். அறுபது, எழுபது. எண்பதைத் தாண்டி முள் நின்றதும் மச்சான் காணும் என்றார்.

கொழுவி முடிந்தது. பிக்கப்பின் பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நின்றது. தங்கை முன்கதவில் கை வைத்தவள் ஏறாமல் என் பக்கம் திரும்பினாள். பெட்டி நிறுக்கிற நாட்களில் கேட்கிற அதே பழக்கத்தில் கேட்டாள்.

"அண்ணை, இப்ப சரியோ? ஏறட்டோ?"

"என்னைக் கேளாதை," என்றேன். "மச்சானைக் கேள்."