கழித்துவிட்ட கணக்கு

மனித மனத்தை எண்களால் அளப்பதில் இன்று அவர் பெரிய ஆள் என்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் தனி அறையாம். இருக்கட்டும். அந்த அறைக்கு அவரை ஏற்றிவிட்டவை என் கால்கள்தான்.

போரில் இடம்பெயர்ந்து முள்ளியவளையில் இருந்தோம். பயம் சனத்தை என்ன செய்கிறது என்று அளக்க அவர் அங்கே வந்திருந்தார். பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் கரண்டோ பற்றறியோ வராத காலம். அவருடைய பரிசோதனைக்கு நான் என் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி மிதிப்பேன். டைனமோவில் கரண்ட் வரும். அவர் சுவிச்சைப் போட மின்குமிழ் எரியும். கதிரையில் இருப்பவர் உடனே பொத்தானை அமத்த வேண்டும். இடையில் போன நேரத்தைக் குறித்துக்கொள்வார்.

ஒருநாள் வேறொருவரை மிதிக்கவிட்டு என்னைக் கதிரையில் இருத்தினார். கதவு அடித்துச் சாத்தினாலே பதுங்குகிற பங்கர் எந்தப் பக்கம் என்று தேடுகிறவள் நான். குமிழ் எரிய முன்னமே அமத்தினேன். திரும்பவும் அப்படித்தான்.

"தங்கச்சி, உம்மட கணக்கு மற்றாக்களோட சேராது. விட்டால் சராசரியைக் கெடுத்துப்போடும். கழிச்சிட்டன்" என்றார், எல்லோருக்கும் முன்னால். "எட்டாம் வகுப்போட நிண்டனீரெல்லே, கவனிச்சு இருக்கப் பழகேல்லை."

காத்து நின்றவர்கள் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு விழுந்ததால் படிப்பு நின்றுபோனவள் நான்.

பிறகு அவருடைய பேராசிரியை பரிசோதனையைப் பார்க்க வருவதாகக் கதை வந்தது. அந்த அம்மா சரியென்றால்தான் அவருக்கு விரிவுரையாளர் வேலை. நான் காத்திருந்தேன்.

பேராசிரியை வந்து கதிரையில் அமர்ந்தார். நான் சைக்கிளை விட்டு இறங்கினேன்.

"மிதியும், தங்கச்சி."

"நீங்களே மிதியுங்கோ, சேர். கழிச்ச ஆளின்ர கால் மட்டும் என்னத்துக்கு?"

"என்ன பிள்ளை நடந்தது?" என்று பேராசிரியை என்னிடம் கேட்டார்.

"எரிய முன்னம் அமத்திப்போட்டன், மிஸ். இஞ்ச எது வந்தாலும் வரமுன்னம் ஓடினால்தானே உயிர் தப்பலாம்."

"என்னையும் கழிச்சவர்" என்றாள் அன்று சிரித்தவர்களில் ஒருத்தி. "என்னையும்தான்" என்று வாசலில் இன்னொரு குரல்.

பேராசிரியை அவர் பக்கம் திரும்பினார். "பயந்த சனத்தை எல்லாம் எடுத்தெறிஞ்சுபோட்டு, வன்னிச் சனத்துக்குப் பயமில்லை எண்டோ எழுதப்போறீர்? முதல்ல இருந்து தொடங்கும்."

அவர் முகம் கறுத்ததைக் கண்குளிரப் பார்த்தேன்.

மறுநாள் மத்தியான வெயிலில் எங்கள் வேலிப் படலையடியில் வந்து நின்றார்.

"தங்கச்சி, சைக்கிள்..."

"ஆர் முதல்ல கதிரையில இருக்கிறது, சேர்?"

"நீர்தான்."

"கழிப்பியளோ?"

"இல்லை."

"காது கொஞ்சம் மந்தம், சேர். இன்னொருக்காச் சொல்லுங்கோ."

பக்கத்துக் கொட்டில் வீடுகளுக்கும் கேட்கும்படி சொன்னார். அதன் பிறகும் நான் உடனே படலையைத் திறக்கவில்லை.