தண்டையார்பேட்டையிலிருந்து ஏற்காட்டுக்கு எண்ணூறு காலன் டீசல்

போன சித்திரையில் தண்டையார்பேட்டைக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. ஏற்காட்டில் நான் குமாஸ்தாவாக இருக்கும் காப்பித் தோட்டத்துக்கு டீசல் கொண்டுவரும் லாரியில் இரண்டு முறை எண்ணெய் குறைந்திருந்தது. எண்ணூறு காலனுக்கு நான்கு வரை குறையலாம். அதற்கு மேல் போனால் டிரைவர் பொறுப்பு; மூன்றாம் முறை அவரை நீக்க வேண்டும். லாரி முதலாளியோடு செய்த ஒப்பந்தத்தில் அந்த வரியை எழுதியவன் நான்; இரண்டு குறைவுக்கும் டிரைவர்மேல் புகார் சொல்லி அவருக்குக் கடிதம் போட்டவனும் நான். மூன்றாவது நடையில் கூடவே வரும்படி மேனேஜர் அனுப்பினார்.

சேலத்திலிருந்து ரயில். சென்ட்ரலில் காலை ஆறரை. ராயபுரம் வரை ட்ராம், ஒன்றரை அணா. பிறகு இரண்டு மைல் நடை. உப்புக் காற்று, கருவாடு, தார். எண்ணெய்க் கிடங்கு வாசலில் பதினேழு லாரிகள் நின்றன. எங்கள் முறை வரும்போது பகல் ஒரு மணி.

டிரைவர் காசிம் வண்ணாரப்பேட்டைக்காரர். நாற்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"திருடனுக்குக் காவலா வந்துகீறியா நைனா?"

அவரே டீ வாங்கிக் கொடுத்தார்.

கிடங்கு ஆள் லாரி டாங்கியில் அளவுகோலை இறக்கினார். எண்ணூறு. இங்கே அளந்ததே முடிவான அளவு என்று ரசீதில் அச்சிட்டிருந்தது. மூடிக்கு ஈய முத்திரை வைத்தார்கள். டாங்கியைத் தொட்டேன். சுட்டது. கையை எடுத்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஏற்காடு இருநூற்று முப்பது மைல். வேலூரில் இரவுத் தங்கல், சாப்பாடு பத்தணா. நின்ற இடமெல்லாம் முத்திரையைப் பார்த்தேன். காசிம் முப்பது கஜம் தள்ளிப்போய் பீடி பிடித்தார்.

மறுநாள் மாலை ஏற்காடு. வழக்கம்போல் அளப்பது அடுத்த காலை. லாரியிலேயே படுத்தேன். நல்ல குளிர். ஆறு மணிக்கு முத்திரை அப்படியே இருந்தது. உடைத்தேன். கோல் காட்டியது எழுநூற்று எண்பத்தொன்பது.

"வெயில்ல ஏத்துனா உப்பிக்கினு வரும். இங்க குளிர்ல சுருங்கிடும். அத்தினி டிரைவருக்கும் தெரியும்," என்றார் காசிம்.

ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"மொதலாளிக்குத்தான லெட்டரு போட்ட? என்னை எப்ப கேட்ட?"

சூட்டில் திரவம் விரியும் என்று கல்லூரிப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். கணக்குப் போட்டேன். முப்பது டிகிரி பாரன்ஹீட் குளிர்ந்தால் எண்ணூறில் பதினொன்று குறையும். சரியாக வந்தது. மேனேஜரிடம் அதைக் காட்டினேன். ஒப்பந்தத்தில் அந்த வரியை அடித்துவிட்டார். என் பழைய கடிதங்கள் இரண்டும் தவறு என்று லாரி முதலாளிக்கு எழுதினேன்.

எண்ணெய் எடுக்கப் போகிறவர்களுக்கு: விடியற்காலையில் ஏற்றுங்கள். ரசீதில் அளவோடு சூட்டையும் குறிக்கச் சொல்லுங்கள். வந்து சேர்ந்த இடத்தில் கோலோடு தெர்மாமீட்டரையும் இறக்குங்கள். குறைவு யார் பொறுப்பு என்று எழுதும் முன் ஓட்டுகிறவரைக் கேளுங்கள்.

அதற்குப் பிறகு இரண்டு முறை காசிமோடு போய் வந்தேன். பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லியும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் முத்திரையை எனக்குக் காட்டிய பிறகுதான் வண்டியை எடுக்கிறார்.