அப்பாவுக்குத் தெரிகிற எண்

எனக்குச் சர்க்கரை நோய் வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. மிட்டாய் தின்றதால் வந்தது என்று எங்கள் காப்பி எஸ்டேட் லைன் வீடுகளில் பாதிப் பேர் சொன்னார்கள். முட்டாள்கள். அப்பா அதற்கு முன்பே திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருந்தார். முதலில் மாதத்துக்கு ஒரு தடவை வந்தார். பிறகு தீபாவளிக்கு மட்டும் வந்தார். பிறகு வரவில்லை. பக்கத்து ஊரான கிளியூர்ப் பக்கம் பஸ் சத்தம் கேட்டால் நான் வாசலுக்கு ஓடுவேன்.

சேலத்து டாக்டர் என் மேல்கையின் பின்பக்கம் ஒரு சென்சாரை ஒட்டிவிட்டார். கோட்டுப் பொத்தான் அளவுதான் இருக்கும். அடியில் மயிர் போல ஒரு கம்பி தோலுக்குள் போகும். அருகில் போனைப் பிடித்தால் சர்க்கரை எவ்வளவு என்று எண் வரும். விரலில் குத்த வேண்டாம்.

அது மறுநாளே பள்ளிக்கூடத்தில் கழன்று விழுந்தது. விழாமல் என்ன செய்யும்? மலையில் பனிக்காலம் வந்தால் தோல் வெடிக்கும் என்று பிள்ளைகளுக்குக் கை காலெல்லாம் தேங்காயெண்ணெய் பூசித்தான் அனுப்புவார்கள். அம்மாவும் வழக்கம்போல, சென்சாரைச் சுற்றி வழிய வழியப் பூசினாள். பலாப்பழம் அறுக்கிறபோது பால் ஒட்டக்கூடாதென்று கையில் எண்ணெய் தடவுகிற ஊர் இது. ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, மூளைக்காரர். பலாமரத்தைக் கீறிப் பால் எடுத்துவந்து விழுந்ததை மறுபடி ஒட்டினார். நன்றாகவே ஒட்டியது. எண் மட்டும் வரவில்லை. தோல் சிவந்து கொப்பளித்தது.

சேலத்தில் நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். "பலாப்பாலா? ஏனுங்க, இது என்ன சைக்கிள் டியூப்புங்களா பஞ்சர் ஒட்ட? சோப்புப் போட்டுக் கழுவிக் காயவெச்சு, ஸ்பிரிட்டுல தொடச்சுட்டு ஒட்டோணும். எண்ணெ பக்கத்துலயே வரக்கூடாது. சுத்தி பிளாஸ்திரி போடுங்க." இன்னொரு கையில் புதிதாக ஒன்றை ஒட்டி, இதையும் தொலைத்தால் அடுத்தது எப்போது கிடைக்குமென்று சொல்ல முடியாது என்றார்.

அடிவாரம் தாண்டி பஸ் வளைவுகளில் ஏறும்போது மாமா என் காதருகே குனிந்தார்.

"கண்ணு, இதைய பத்திரமா வெச்சுக்கோ. இதுல வர்ற நம்பரு உங்கப்பா போனுக்கும் போகுது. திருப்பூர்ல உக்காந்துட்டு உன்னயத்தான் பாத்துட்டு இருக்காரு."

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதன் பிறகு அந்தச் சென்சாரை என்னைப்போல் காத்தவர் எவருமில்லை. ஓடவில்லை, மரம் ஏறவில்லை. சட்டை மாட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பிளாஸ்திரி ஓரம் தூக்கினால் உள்ளங்கையால் அழுத்தியபடியே நின்றேன்.

"ஏன் கண்ணு கையப் புடிச்சுட்டே இருக்கற?" என்று டீச்சர் கேட்டார்.

"எங்கப்பா பாத்துட்டு இருக்காருங்க மிஸ்."

வகுப்பே சிரித்தது. எனக்கு ஒன்றும் வெட்கமாக இல்லை. கணக்குச் சரியாக வந்தால் கையைச் சென்சாரோடு கொஞ்சம் உயர்த்திக் காட்டுவேன், அவருக்குத் தெரியட்டும் என்று.

மத்தியானம் சோற்றுக்கு முன்னால் எண் பார்த்து இன்சுலின் ஊசி போட வேண்டும். அது காப்பிப் பழம் பறிக்கிற காலம். தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு அம்மா தினமும் மேடேறிப் பள்ளிக்கூடத்துக்கு வருவாள். தூறலில் நனைந்திருப்பாள். போன் மட்டும் பிளாஸ்டிக் கவருக்குள் காய்ந்திருக்கும்.

"சீக்கிரம் காட்டும்மா, அப்பா காத்துட்டு இருப்பாரு" என்று கையை நீட்டுவேன்.

சென்சாருக்கு ஆயுள் முடிந்து, கழற்ற வேண்டிய நாள் வந்தது. வேறொன்று கையில் இல்லை. நான் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டேன். அம்மா தரையில் படுத்து என்னை எட்டிப் பார்த்தாள்.

"வெளிய வா சாமி. இனி அதுல நம்பரே வராது."

"கழட்டுனா அப்பா என்னயப் பாக்க முடியாது."

"நாந்தான் பாக்கறனே கண்ணு."

"நீ பாத்து என்ன? அப்பா பாக்கோணும்."

அவள் அப்படியே கொஞ்ச நேரம் தரையில் கன்னத்தை வைத்துக் கிடந்தாள். பிறகு கையை உள்ளே நீட்டி, வலிக்காமல் ஓரம் ஓரமாக உரித்தாள்.

அப்பா அதற்கு வெகு முன்பே போன் நம்பரை மாற்றிவிட்டார். புது நம்பர் எங்களுக்குத் தரப்படவில்லை. அந்த ஆளைப் பற்றி எழுத எனக்கு நல்ல வார்த்தை கிடையாது. ஆனாலும் இன்றைக்கும் போனில் எண் ஏறி இறங்கும்போது, திருப்பூரில் ஒருவர் அதைப் பார்த்து நிமிர்வதுபோல் ஒரு கணம் தோன்றிவிடுகிறது. மானங்கெட்ட மனசு.

எண் ஒரே ஒரு போனில்தான் வந்தது. தோட்டத்திலிருந்து அதைத் தினமும் என் கைவரைக்கும் தூக்கிவந்தவளின் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்ததாக ஞாபகமே இல்லை. நீட்டிய என் கை மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.