ரானின் மீனும் சூபியின் குழம்பும்

ரான் குவாங்ஃபூ தன் மனைவி மேல் பொறாமைப்பட்டார். இதை எவ்வளவு மென்மையாகச் சொல்லப் பார்த்தாலும் பொய்யாகிவிடும். வான்ஜோ ஊரின் ஆற்றோரத் தெருவில் அவர் கடைக்கு அடுத்த கடை என்னுடையது. நான் அரிசி நூடுல்ஸ் விற்கிறேன். இரண்டு கடைக்கும் நடுவே ஒரு தார்ப்பாய்தான் மறைப்பு. அந்தப் பக்கம் முணுமுணுப்பதுகூட இந்தப் பக்கம் கேட்கும்.

ரான் அண்ணன் வாலிபத்தில் சரக்குக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி தள்ளியவர். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நெருப்பைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ஒரு எண்ணெய்ப் பீப்பாயை நெடுக்கில் பிளந்து அடுப்பாக்கி, மீன் சுட ஆரம்பித்தார். புல்கெண்டையை முதுகுப் பக்கமாகக் கீறி, வயிறு பிரியாமல் விரித்து, இஞ்சி, வெங்காயத்தாள், உப்பு, கொஞ்சம் சாராயம் தடவி ஊறவைப்பார். பிறகு கம்பிக்கூட்டில் இறுக்கித் தணலுக்கு மேலே பிடிப்பார். எண்ணெய் தடவுவதும் திருப்புவதும் ஒரே அசைவாக இருக்கும். தோல் கொப்பளித்துப் பொன்னிறமாகும்போது சீரகமும் மிளகாய்த்தூளும் தூவுவார். அந்த வாசனைக்கே படகுக்காரர்கள் படியேறி வருவார்கள். அப்போது அவர் சந்தோஷமான மனுஷன்.

பிறகு அவர் மனைவி சூபி அக்கா வேலை பார்த்த நூல் மில் மூடப்பட்டது. அக்காவும் கடைக்கு வந்து காய் நறுக்கவும் தட்டுக் கழுவவும் ஆரம்பித்தார். ஒரு சாயங்காலம் திடீரென்று சாரல் அடித்து அடுப்பில் பாதித் தணல் அணைந்துவிட்டது. கம்பியில் இருந்த மீன் அரைவேக்காடு. பசியோடு உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பி அனுப்ப மனசு வராமல், அக்கா வாணலியை வைத்தார். அவரைக்கொட்டையும் மிளகாயும் புளிக்கவைத்து அரைத்த விழுது, வீட்டில் போட்ட மிளகாய் ஊறுகாய், காய்ந்த மிளகாய், நாக்கை மரத்துப்போக வைக்கும் எங்கள் ஊர் மிளகு எல்லாவற்றையும் எண்ணெயில் வறுத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்கவிட்டார். ஒரு இரும்புத் தட்டில் தாமரைத்தண்டும் முளைப்பயறும் பரப்பி, மேலே அந்த மீனைக் கிடத்தி, குழம்பை ஊற்றித் தட்டோடு அடுப்பில் வைத்தார்.

சாப்பிட்டவர்கள் குனிந்த தலை நிமிராமல் தின்றார்கள். வியர்வையைத் துடைத்துக்கொண்டார்கள். படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் மௌ முதலில் வாயைத் திறந்தான்.

"இது யாரு பண்ணது?"

"நான்தான் சுட்டேன்" என்றார் ரான் அண்ணன்.

"மீனக் கேக்கலண்ணே. குழம்பக் கேக்கறேன்."

அன்றைக்குப் பற்றிய எரிச்சல் அது. மறுநாளிலிருந்து எல்லோரும் குழம்போடுதான் கேட்டார்கள். மேஜைக்கு மேஜை சின்னக் கரியடுப்பு வந்தது. மீன் சீக்கிரம் தீர்ந்துவிடும். முள் மட்டும் மிஞ்சிய தட்டில் தோஃபு போடுவார்கள், உருளைக்கிழங்கு போடுவார்கள், குழம்பு வற்றும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். போகும்போது "அக்கா, கை மணக்குதுக்கா" என்று அக்காவிடம்தான் சொல்லிவிட்டுப் போவார்கள். புகையில் கண் சிவந்து நிற்கிற அண்ணனைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்வதில்லை. தெருவில் அந்தக் கடைக்குப் பேரே சூபி அக்கா கடை என்றாகிவிட்டது.

அண்ணன் கடுகடுவென்று ஆனார். அக்கா சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாள் என்று திரும்பிப் பார்ப்பார். விசிறியால் சாத்தியே அடுப்பை உடைத்துவிடுவார் போலிருக்கும். ஒரு தடவை குழம்பைக் கெடுக்க வேண்டும் என்றே மீனில் அள்ளி உப்புத் தடவியதை நான் தார்ப்பாய் இடுக்கில் பார்த்தேன். அன்றைக்கு மௌ, "அக்கா, உன் குழம்பு இருந்ததால தப்பிச்சோம். மீன் ஒரே கரிப்பு" என்றான். அண்ணன் அன்று ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை என்று அக்கா என்னிடம் சொன்னார். ஏன் என்று அக்காவுக்குப் புரியவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் சோங்சிங் நகரத்திலிருந்து ஒரு பெரிய ஹோட்டல்காரர் வந்து சாப்பிட்டார். குளிர்காலம் முழுக்கத் தன் சமையல்காரர்களுக்கு இந்தக் குழம்பைச் சொல்லித்தர வரவேண்டும் என்று அக்காவைக் கூப்பிட்டார். அக்கா தயங்கினார். அண்ணன்தான் முந்திக்கொண்டு "போயிட்டு வா" என்றார். அவரே பையைத் தைத்துக் கொடுத்து, பஸ் நிலையம்வரை தூக்கிக்கொண்டும் போனார். அவ்வளவு கரிசனத்தை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை.

அக்கா ஒரு ஜாடி நிறைய வறுத்த விழுது வைத்துவிட்டுப் போயிருந்தார். அண்ணன் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, பழையபடி வெறும் சுட்ட மீன் போட ஆரம்பித்தார். முதலில் பழகிய முகங்களெல்லாம் வந்தன. தின்றுவிட்டு, "நல்லாருக்குண்ணே. அக்கா எப்ப வராங்க?" என்றன. பிறகு வயசான படகுக்காரர்கள் சிலர் மட்டும் வந்தார்கள். அவர்களும் மழை பெய்தால் வருவதில்லை.

புத்தாண்டு நெருங்கும்போது அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் சோங்சிங்குக்குப் பஸ் ஏறினார். அங்கே நடந்ததை இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். யார் முதலில் குரலை உயர்த்தியது என்பதில் மட்டும்தான் கதை மாறியது.

ஹோட்டல் வாசலில் கூட்டம் பிளாஸ்டிக் முக்காலிகளில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு காத்திருந்ததாம். அண்ணனும் யாரோ போல உட்கார்ந்து, முறை வந்ததும் ஒரு மீன் கேட்டார். தோல் சொதசொதவென்று இருந்தது. புகை வாசனையே இல்லை. பக்கத்து மேஜையில் இதே மீனைத் தின்றுகொண்டு ஆகா ஓகோ என்றார்கள். அண்ணன் சாப்ஸ்டிக்கைக் கையில் பிடித்தபடி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தற்செயலாக வெளியே வந்து அவரைக் கண்டுவிட்டார்.

"எப்ப வந்த? சொல்லக் கூடாதா?"

"இந்த மீன யாரு சுட்டது?"

"மெஷின்ல வைக்கறாங்க. கரண்டு அடுப்பு."

"ஈரத்துணி மாதிரி இருக்கு. இத்தன பேரு திங்கறாங்களே, ஒருத்தன் கேக்கலயே."

"எனக்குத் தெரியுதுல்ல? வந்ததுலேந்து இந்த மீன நான் வாயில வெக்கல. சோத்துல குழம்ப ஊத்தித் தின்னுட்டுப் படுக்கறேன்."

"உனக்கு ஒருத்திக்குத் தெரிஞ்சா எனக்குப் போதுமா?"

"போதாதுன்னா நான் என்ன செய்யட்டும், ரான் குவாங்ஃபூ? வர்றவன் போறவன் நாக்கையெல்லாம் கழுவி விடவா?"

அண்ணன் அந்த மீனை முள் தெரியத் தின்று முடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் தனியாகத் திரும்பினார்.

வசந்தத்தில் அக்கா வந்துவிட்டார். இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்லி ஹோட்டல்காரர் கெஞ்சியிருக்கிறார். அந்த ஊர்ச் சோறு தனக்குப் பிடிக்கவில்லை என்று அக்கா சொல்லிவிட்டாராம். அன்று சாயங்காலமே கடையில் இடமில்லை. அண்ணன் தணலைக் கிளறிக்கொண்டே இருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

கோடையில் அவர் கரி மூட்டையோடு ஆற்றுப்படியில் வழுக்கி விழுந்து தோளை முறித்துக்கொண்டார். எலும்பு வைத்தியர் கட்டுப்போட்டுப் படுக்கவைத்தார். சூபி அக்கா குழம்போடு மீனையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு மீன் சுடுவது ஒரு வேலையாகவே தோன்றவில்லை. முதல் மீனின் தோல் கம்பியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அடுத்தது வெளியே கரிந்தது, உள்ளே பச்சை. மௌ ஒரு வாய் வைத்துவிட்டுச் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தான்.

"கோவிச்சுக்காதக்கா. குழம்பு அதே குழம்புதான். மீனு வேற என்னவோ மாதிரி இருக்கு. அண்ணன் எப்ப எந்திரிப்பாரு?"

அந்தக் கடையில் அதுவரை யாரும் அண்ணனை விசாரித்து நான் கேட்டதில்லை. அக்கா காதிலும் அது விழுந்ததில்லை. கரண்டியை வாணலியில் போட்ட சத்தம் என் கடைவரை வந்தது.

அண்ணனுக்கு நூடுல்ஸ் கொண்டுபோனபோது இதைச் சொன்னேன். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"மௌவா சொன்னான்? என்ன சொன்னான், அப்படியே சொல்லு தங்கச்சி."

சொன்னேன்.

"வேற என்னவோன்னா? வேகலன்னானா, தீஞ்சுபோச்சுன்னானா?"

"முள்ளு பக்கம் வேகலண்ணே. நானே பாத்தேன்."

சிரித்தார். தோள் வலித்து "அம்மா" என்றார், மறுபடி சிரித்தார். இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் அக்கா கேட்பது எனக்குக் கேட்டது.

"எப்பத் திருப்பணும்? எத வெச்சுத் தெரிஞ்சுக்கற?"

"பாத்துக்கிட்டுத்தான இருந்த."

"சொல்லுவியா மாட்டியா?"

"உன் குழம்புல எது மொதல்ல போகுது? நீ எனக்குச் சொன்னியா?"

"நீ கேட்டியா?"

 

இரண்டு பேருமே சொல்லவில்லை. அக்கா கூடை கூடையாக மீனைக் கருக்கித் தானாகவே ஓரளவு பிடித்துக்கொண்டார். அண்ணன் பின்கட்டில் ஒரு சின்ன வாணலியில் ஒற்றைக் கையால் குழம்பு செய்து பார்த்தார். மிளகாய்க் கமறலில் தெருவே இருமியது. எனக்கு ஒரு கிண்ணம் வந்தது.

"அவளோடத விட நல்லாருக்கா?"

"இல்லண்ணே."

"கிட்டயாவது வருதா?"

இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வாணலியைச் சாக்கடையில் கவிழ்த்தார்.

கட்டு அவிழ்த்ததும் அண்ணன் அடுப்புக்குத் திரும்பினார். முதல் தட்டைத் தின்ற மௌ, "இப்பத்தான் மீனு மீனா இருக்கு" என்றான். அக்கா கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த தட்டில், மொறுமொறுவென்றிருந்த தோல் முழுக்க மூழ்கும்படி குழம்பை ஊற்றினார். அண்ணனும் பார்த்தார். அதற்கடுத்த மீனில் வால் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, குழம்பு படாமல் தனிக் கிண்ணத்தில் வைத்து அனுப்பினார்.

இப்போது எல்லா மேஜைக்கும் அந்த வால் துண்டு தனியாகத்தான் போகிறது. அதை யாராவது குழம்பில் தோய்க்கிறார்களா என்று இரண்டு பேரும் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள். மௌ மட்டும் பாதியைத் தோய்த்தும் பாதியைத் தோய்க்காமலும் தின்கிறான். அவனுக்கு இரண்டு பேரிடமும் நல்ல பேர்.